பிள்ளை எடை குறையாமல் பிறக்க என்ன செய்வது?

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவிக்கு 28 வயது, உயரம் 155 சென்டிமீட்டர், இரண்டாவது பிள்ளை, இப்போது 22 வாரம். மூத்த மகள் நான்கு வருடத்துக்கு முன் நாள் நிறைந்துதான் பிறந்தாள், ஆனால் எடை 2.1 கிலோ. இந்த முறை கர்ப்பத்துக்கு முன் மனைவியின் எடை 43 கிலோ, இதுவரை ஏறியது 3 கிலோ. போன வாரம் கிளினிக்கில் ரத்தம் (ஹீமோகுளோபின்) 9.6 என்றார்களாம். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தம்பியின் அம்மா, "ரொம்பச் சாப்பிட்டா பிள்ளை பெருத்துரும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்கிறார். மாமியார், "ரெண்டு உசுருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, என்ன சமைத்துக் கொடுப்பது?

தம்பி, நான் பேராக் தோட்டப்புறங்களில் தாய்சேய் கிளினிக்குகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்வியில் உள்ள எண்களே எனக்குப் பாதி விவரத்தைச் சொல்லிவிட்டன. உங்கள் மனைவி கர்ப்பத்துக்கு முன்பே மெலிவு, இப்போது ரத்தம் குறைவு, எடை ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை, முந்தைய பிள்ளையும் எடை குறைவு. இந்த நான்கும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. நல்ல விஷயம் என்னவென்றால், 22 வாரம் என்பது தாமதமே இல்லை.

முதலில் அம்மாவின் பேச்சு. அது தவறு; மரியாதையோடு சொல்லிவிடுங்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து வரும் எண்ணம் அது. வயிற்றுக்குள் சோறும் பிள்ளையும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும் என்று நினைத்தார்கள். ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில் பெரிய பிள்ளை என்றால் தாய் உயிருக்கே பயம், அதனால் அப்படிச் சொன்னதில் காரணம் இருந்தது. ஆனால் 46 கிலோ இருக்கும் பெண் சாப்பாட்டைக் குறைத்தால் பிரசவம் சுலபமாகிவிடாது. பிள்ளை மெலியும், தாய்க்கு ரத்தம் இன்னும் குறையும். ரத்தம் குறைந்த தாய், பிரசவத்தில் சாதாரணமாகப் போகிற ரத்தத்தைக்கூடத் தாங்குவது கஷ்டம். ஆபரேஷனுக்குப் பயந்து அதைவிடப் பெரிய ஆபத்தை வீட்டுக்குள் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

மாமியார் சொல்வது பாதி சரி. கூடுதலாகச் சாப்பிட வேண்டும், ஆனால் இரண்டு தட்டு வேண்டாம். நடு மூன்று மாதத்தில் தினமும் ஏறக்குறைய 300 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் 450 வரை கூடுதலாகப் போதும். ஒரு அவித்த முட்டை, ஒரு கிளாஸ் பால், ஒரு வாழைப்பழம், இதுவே 300. அதோடு ஒரு கைப்பிடி வறுத்த கடலை சேர்த்தால் 450-ஐத் தொட்டுவிடும். உங்கள் மனைவி மெலிந்தவர் என்பதால் இதற்குக் கொஞ்சம் மேலேயே போகலாம்.

எடை எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அது கர்ப்பத்துக்கு முன் இருந்த உடல்வாகைப் பொறுத்தது. நடுத்தர உடம்புக்காரருக்குப் பத்து மாதத்திலும் சேர்த்து 11.5 முதல் 16 கிலோ. உங்கள் மனைவியைப் போல மெலிந்தவருக்கு 12.5 முதல் 18 கிலோ. ஏற்கெனவே பருமனாக இருப்பவருக்கு 5 முதல் 9 கிலோ போதும். ஆக, பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்ன அறிவுரை உங்கள் மனைவிக்குப் பொருந்தாது. மெலிந்தவருக்கு இந்த மாதங்களில் வாரம் அரைக் கிலோ ஏறுவது சரியான வேகம். 22 வாரத்தில் 3 கிலோ என்பது பின்தங்கல். இனி வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் ஏறவில்லை என்றால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் மிஸ்ஸியிடம், அதாவது கிளினிக் நர்ஸிடம், சொல்லுங்கள்.

இப்போது பிள்ளையின் எடை. 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. அப்படிப் பிறப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுவது. மற்றது, நாள் நிறைந்தும் உள்ளே வளர்ச்சி குன்றியிருப்பது. உங்கள் மூத்த மகள் இரண்டாவது வகை. அவளுக்கு நஞ்சுக்கொடி வழியாகப் போக வேண்டிய சத்தோ ஆக்சிஜனோ போதவில்லை என்று அர்த்தம். தாயின் மெலிவு, ரத்தக்குறைவு, ரத்த அழுத்தம், கிருமித்தொற்று, சிகரெட் புகை, சில சமயம் நஞ்சுக்கொடியின் குறையே, இப்படிக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒருமுறை இப்படி ஆனால் அடுத்த முறையும் ஆக வாய்ப்பு கூடுதல். அதனால் மூத்தவளின் 2.1 கிலோ, கிளினிக்கில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் முந்தைய பிரசவப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். அது எழுதியிருந்தால்தான் டாக்டர் வளர்ச்சி ஸ்கேனுக்குத் தனியாகத் தேதி போடுவார். புத்தக அட்டையில் ஒட்டியிருக்கும் நிறத்தையும் பாருங்கள்: வெள்ளை என்றால் மிஸ்ஸி பார்த்தால் போதும், பச்சை என்றால் கிளினிக் டாக்டர், மஞ்சள் என்றால் ஸ்பெஷலிஸ்ட் பார்க்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஈப்போ பைனுன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் தூரம் என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

தாமதமில்லை என்று ஏன் சொன்னேன் என்றால், இப்போது வயிற்றில் இருக்கும் பிள்ளை அரைக் கிலோ அளவுதான் இருக்கும். 28 வாரத்தில் ஒரு கிலோ. மீதி இரண்டு கிலோவும் கடைசி 12 வாரத்தில் ஏறுவது. இதற்குச் சோகமான சாட்சி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்தில் பெரும் பஞ்சம். கடைசி மூன்று மாதங்களில் பஞ்சத்தில் சிக்கிய தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 300 கிராம் வரை குறைந்து பிறந்தன. ஆப்பிரிக்காவின் காம்பியாவிலிருந்து வந்த செய்தி இதற்கு நேர் எதிர். அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கு ஐந்தாம் மாதத்திலிருந்து தினமும் வறுத்த நிலக்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய் சேர்த்துச் செய்த பிஸ்கட் கொடுத்தார்கள். 1997-ல் முடிவு வெளியானது: பிள்ளைகளின் எடை சராசரியாக 136 கிராம் கூடியது, உணவு பற்றாக்குறையான மழை மாதங்களில் 201 கிராம். கடலை மிட்டாயை விட விசேஷமான பண்டம் எதுவும் இல்லை அதில். பார்மசியில் டின்னில் விற்கும் கர்ப்பிணிப் பால் மாவை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்படும் குடும்பங்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. புரதம் மட்டும் அதிகமாகத் திணிக்கும் பவுடர்களால் பிள்ளைக்கு நன்மை தெரியவில்லை, அவற்றை உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. சாப்பாடு முழுமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து ரத்தம். இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் தோட்டப்புறப் பெண்களிடம் நான் அதிகமாகப் பார்த்த குறை இதுதான். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடும், அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்கும் இடம் கொடுத்துத்தான் 11 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். 9.6 அந்த எல்லைக்குக் கீழே. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்படுகிறது. பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. பீட்ரூட்டில் அதைவிடவும் குறைவு. நிறம் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடாது. முருங்கைக்கீரை நல்லது, தாராளமாகச் சமையுங்கள், ஆனால் இலையில் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். 9.6-ல் இருக்கும் ஒருவருக்கு மாத்திரை இல்லாமல் ஆகாது. கிளினிக்கில் கொடுக்கும் 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃப்யூமரேட் மாத்திரை ஒன்றில் மட்டும் 65 மில்லிகிராம் இரும்பு உண்டு.

பிரச்சினை மாத்திரை கிடைப்பதில் இல்லை, அது வயிற்றுக்குள் போவதில்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அலமாரியில் பாக்கெட் பாக்கெட்டாக இருக்கும். கேட்டால், "குமட்டுது மிஸ்ஸி", "மலச்சிக்கல் மிஸ்ஸி", "மாத்திரை சாப்பிட்டா பிள்ளை கறுத்துருமாம் மிஸ்ஸி". மலம் கறுப்பாகப் போகும், அதில் ஆபத்து இல்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே கிடையாது. குமட்டினால் ராத்திரி படுக்கப் போகும் முன் போடச் சொல்லுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் வேறு வகை கேளுங்கள்.

மாத்திரையை எதோடு விழுங்குகிறார் என்பதும் முக்கியம். நம் ஊர்ப் பழக்கம், காலையில் தோட்டத்தில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போன காலத்திலிருந்தே, எழுந்ததும் தே-ஓ, அதாவது பால் சேர்க்காத தேத்தண்ணி. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணி, மாத்திரைக்கும் தேத்தண்ணி. தேயிலையில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் பாதிக்கும் மேல் உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். காப்பியும் அப்படித்தான். பாலும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும்கூட இரும்புக்குத் தடை. அதனால் இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தே, காப்பி, பால் வேண்டாம். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும், கூடவே ஒரு கொய்யாத் துண்டு இன்னும் நல்லது. கொய்யாவில் ஆரஞ்சைவிட விட்டமின் சி அதிகம். செலவில்லாத மாற்றம் இது, ஆனால் இது ஒன்றிலேயே பலருக்கு ரத்தம் ஏறக் கண்டிருக்கிறேன்.

ஒழுங்காகப் போட்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம் அளவு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால், மாத்திரை போடுவதில் உண்மையைச் சொல்லிவிட்டு, தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் இரும்பு மாத்திரையைக் கூட்டுவதில் பயனில்லை, உங்களுடைய ரத்தத்தையும் சோதிக்க வேண்டியிருக்கும். கொக்கிப்புழு இன்னொரு காரணம். அந்தக் காலத்தில் தோட்டத்து மக்களை வெளுக்க வைத்ததே அதுதான். வெறுங்காலில் தோட்டத்து மண்ணில் நடக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நான்காம் மாதத்துக்குப் பிறகு அதற்கு மருந்து உண்டு.

சரி, தட்டில் என்ன வைப்பது? ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்கள் சாப்பிடுவதை ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் புரியும். காலையில் தே-யும் பிஸ்கட்டும். பத்து மணிக்குக் கேன்டீனில் ஒரு பொட்டலம் நாசி லெமாக். அதில் முட்டை கால் பங்கு, நெத்திலி பத்து. மதியம் நிறையச் சோறு, குழம்பு, ஒரு துண்டு கோழி. ராத்திரி களைப்பில் மைலோவும் நாலு கிரேக்கர்ஸும், அப்படியே படுக்கை. வயிறு நிறைகிறது, ஆனால் சோறும் சீனியும்தான் நிறைக்கிறது. இதில் மூன்று இடத்தில் கை வைத்தால் போதும். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் இரண்டு முட்டை, நன்றாக வெந்தது. காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை இப்போது வேண்டாம். கேன்டீனுக்குக் கடலையோ அவித்த கொண்டைக்கடலையோ டப்பாவில் கொடுத்து அனுப்புங்கள். ராத்திரி மைலோவுக்குப் பதில் உண்மையான சாப்பாடு: கொஞ்சம் சோறு, கெட்டிப் பருப்பு, கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் அல்லது தெம்பே (புளிக்கவைத்த சோயாக்கட்டி), கூட ஒரு கீரை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் பாயாம், கங்கோங், சாயூர் மானிஸ் என்று கீரையெல்லாம் மலிவாகவே கிடைக்கும். கறி வாங்க முடியாத வாரம் தௌபூவும் தெம்பேவும் நெத்திலிக் கருவாடும் அந்த இடத்தை நிரப்பும். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும்.

கீரை, பழம், பால் என்பதை நான் வாய்ப்பாடாகச் சொல்லவில்லை. மகாராஷ்டிராவில் புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் கர்ப்பிணிகளை மாதக்கணக்கில் கவனித்தார்கள். ஏறக்குறைய நம் பெண்களைப் போலவே மெலிந்த, வயலில் உழைக்கும் பெண்கள். கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட தாய்மாருக்குப் பிள்ளைகள் பெரிதாகப் பிறந்தன. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அங்கே பிறந்த பிள்ளைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் பிள்ளைகள் சதையில் மெலிந்திருந்தாலும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பின்னாளில் சர்க்கரை நோய்க்கு இது ஒரு விதை என்று கருதுகிறார்கள். அதனால்தான் இனிப்பும் சோறும் ஊட்டிப் பிள்ளையைப் "பெரிதாக்க" நினைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நாள் நிறைந்து 2.8 கிலோவில் பிறக்கும் பிள்ளை நல்ல பிள்ளை. நான்கு கிலோ நமக்கு வேண்டாம். இந்தியர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். 24 முதல் 28 வாரத்துக்குள் சீனித் தண்ணீர் குடித்துப் பார்க்கும் டெஸ்ட் வரும், அதைத் தவறவிடக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரம் கழித்து 7.8, இந்த இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் சாப்பாட்டுத் திட்டமே மாறும்.

விலக்க வேண்டியவை கொஞ்சம்தான். பப்பாளிக்காய் வேண்டாம், நன்றாகப் பழுத்த பப்பாளியில் பயமில்லை. ஈரலை அடிக்கடி சமைக்காதீர்கள், அதில் விட்டமின் ஏ மிஞ்சிப்போய்ப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும். சுறா போன்ற பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும், பிரசவத்துக்குப் பிறகு பால் சுரக்க என்று சுறாப் புட்டு செய்வதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வேர் மருந்து, ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து எதுவும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். தைப்பூசத்துக்குச் சைவம் இருக்க ஆசைப்பட்டால் இருக்கட்டும், முட்டையும் நிறுத்துகிறார் என்றால் பால், பருப்பு, தெம்பே கூட வேண்டும். ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் மட்டும் இந்த வருடம் கூடாது. முருகனுக்கு நேர்த்திக்கடனை அடுத்த வருடம் பிள்ளையோடு வந்து செலுத்தலாம்.

இனி உங்கள் பங்கு, தம்பி. நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா என்று எழுதவில்லை. பிடிப்பவர் என்றால், சாப்பாட்டில் நாம் கஷ்டப்பட்டு ஏற்றுவதை அது இறக்கிவிடும். தாயே புகைத்தால் பிள்ளை எடை சராசரியாக 200 கிராம் குறையும், பக்கத்தில் இருந்து சுவாசிப்பதிலும் பாதிப்பு உண்டு. வாசலில் போய்ப் பிடிப்பது போதாது, நிறுத்துங்கள். வீட்டில் பெரியவர்கள் வெற்றிலையோடு புகையிலை போட்டு, குமட்டலுக்கு நல்லது என்று ஒரு கிள்ளு கொடுப்பார்கள், அதையும் தடுத்துவிடுங்கள். உறவில் யாராவது கர்ப்பத்தோடு தோட்டத்தில் பூச்சி மருந்தோ களைக்கொல்லியோ அடிக்கிற வேலையில் இருந்தால் அவரையும் உடனே வேறு வேலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரியிலிருந்து தடைதான், ஆனால் மற்ற மருந்துகளும் கர்ப்பிணி கையில் படக்கூடியவை இல்லை.

உங்கள் மனைவி எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிறார் என்றால், இலகு வேலைக்குக் கிளினிக் டாக்டரிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம், சம்பளம் நின்றால் முதலில் குறைவது மீனும் முட்டையும்தான். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். கர்ப்பம் என்பதற்காக வேலையிலிருந்து நிறுத்துவதும் சட்டப்படி குற்றம். இதை மேற்பார்வையாளரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஒவ்வொரு தடவையும் மிஸ்ஸி வயிற்றின் மேல் டேப் வைத்து அளப்பார், கவனித்திருப்பீர்கள். 24 வாரத்துக்குப் பிறகு அந்த சென்டிமீட்டர் கணக்கு வாரக் கணக்கை ஒட்டி வர வேண்டும், இரண்டு முன்னே பின்னே இருக்கலாம். 30 வாரத்தில் 27 என்று வந்தால் ஏன் என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. 28 வாரத்திலிருந்து பிள்ளையின் அசைவை எண்ணச் சொல்வார்கள்: காலை 9-லிருந்து இரவு 9-க்குள் 10 அசைவு. குறைந்தாலும், வழக்கத்தைவிட அடங்கிப்போன மாதிரி தோன்றினாலும், விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே கிளம்புங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குவது, சிறுநீர் எரிச்சல், ரத்தம் படுவது, இவற்றுக்கும் அப்படியே.

இவ்வளவும் செய்தும் பிள்ளை 2.3 கிலோவில் பிறந்தால் உங்கள் மனைவியை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நஞ்சுக்கொடியின் குறைக்குத் தாய் பொறுப்பாக முடியாது. பிறந்த முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் நாக்கில் வைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைக்குச் சூடு தங்காது, அதனால் முதல் நாளே குளிப்பாட்ட அவசரப்படாமல், துணியில்லாமல் தாயின் மார்போடு ஒட்டவைத்து மேலே போர்த்திவிடுங்கள். அவர் தூங்கும் நேரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு நீங்களும் அப்படிப் படுக்க வைத்துக்கொள்ளலாம், அப்பாவின் நெஞ்சுச் சூடும் அதே வேலையைச் செய்யும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்லுங்கள்.